முப்பது குப்பிகள் சொன்ன தீர்ப்பு

தரம் என்பது, செய்யப்பட்ட பொருள் அதை வேண்டியவரின் தேவைக்கு ஒவ்வொரு முறையும் தவறாமல் பொருந்தி வருதல் ஆகும். இவ்வரையறையை நான் என் நாற்பத்தெட்டாம் வயதில் மனப்பாடம் செய்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாற்பத்து நான்கில் மீண்டும் புத்தகத்தைத் திறந்து, பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தபால்வழியில் தேறி, அதன் பின்னர் புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டில் ஒரு சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். அதற்கு மொத்தம் பத்துப் பாடங்கள். எந்தப் பாடத்தை எந்த மாதத்தில் படித்தேன் என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நடந்ததைச் சொல்வதற்கு அந்த வரிசை தேவைப்படுகிறது.

எங்கள் தொழிற்சாலையில் ஊசி மருந்து அடைப்பதற்கான கண்ணாடிக் குப்பிகள் செய்யப்படுகின்றன. ஒரு குப்பிக்கு வாய், கழுத்து, தோள், உடல், அடி என ஐந்து பகுதிகள் உண்டு. உலையிலிருந்து வந்து, ஆறி, கழுவப்பட்டு, காய்ந்த குப்பிகள் கடைசியாக எங்கள் பரிசோதனை மேசைக்கு வரும். மேசைக்குப் பின்னால் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை. மேலே ஒரு நீண்ட விளக்கு. குப்பியை எடுத்து உயர்த்திக் கறுப்பின் முன் ஒரு சுழற்று, வெள்ளையின் முன் ஒரு சுழற்று. நல்லது இடப்பக்கத்துத் தட்டில் நிற்கும். பழுதானது மேசைக்கு அடியில் உள்ள சிவப்புப் பெட்டியில் விழும். மயிரிழை விரிசல் ஒன்று தப்பினாலும் உள்ளே அடைக்கப்படும் மருந்து கெட்டுவிடும். ஆதலால் இது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை.

இருபத்திரண்டு ஆண்டுகள் நான் அதைப் பார்த்தேன். என் வேகத்தையும், என் சிவப்புப் பெட்டி நிரம்பும் விதத்தையும் கண்டு எல்லோரும் எனக்கு இட்ட பெயர் எக்ஸ்ரே. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிரும்.

மேசையில் நாங்கள் மூவர். வலப்புறம் தடித்த கண்ணாடி அணிந்த, ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் மீதமிருந்த ஓர் அண்ணன். அவரைச் சோடாபுட்டி என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார். இடப்புறம், என் நல்ல தட்டுக்கு அப்பால், என் கணவரின் தங்கை. மணவாழ்க்கை முறிந்தபின் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். இந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டவளும் நானே. நான் மூன்று தட்டுகளை முடிக்கும் நேரத்தில் அவள் இரண்டை முடிப்பாள். ஆகவே அவளுக்கு ஆமை என்று பெயர். அவளும் அதற்குக் கோபப்பட்டதில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் மருந்துக் கம்பெனியிடமிருந்து ஒரு புகார் வந்தது. ஒரே அனுப்புதலில் நாற்பது குப்பிகளில் விரிசல். மேலாளர் எங்கள் மூவரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"யாரு கண்ணு தூங்குச்சு?" என்றார்.

நான் அப்போதுதான் மூன்றாம் பாடத்தை முடித்திருந்தேன். அது பரேட்டோ வரைபடத்தைப் பற்றியது. கணக்குகளைப் பெரியது முதல் சிறியது வரை தூண்களாக நிறுத்தினால், கவனிக்க வேண்டியது எதுவெனக் கண்ணுக்கே தெரிந்துவிடும் என்பது அதன் கருத்து. மூன்று மாதச் சிவப்புப் பெட்டிக் கணக்கை எடுத்து, அளவுகோல் வைத்து, மூன்று நிறங்களில் மூன்று தூண்கள் வரைந்தேன். என் தூண் தொள்ளாயிரத்து முப்பது. சோடாபுட்டி அண்ணனுடையது அறுநூற்றுப் பத்து. நாத்தனாருடையது இருநூற்று நாற்பது.

"சார், மூணு பேருக்கும் வர்றது ஒரே குப்பிதான். ஒருத்தர் பெட்டியில மட்டும் பழுது கம்மியா விழுதுன்னா, மிச்சப் பழுதெல்லாம் நல்ல தட்டுக்குப் போகுதுன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

மேலாளர் வரைபடத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்தும் பார்த்தார். "எக்ஸ்ரே, நீங்க எங்கேயோ போயிட்டீங்க" என்றார். மறுநாளே நாத்தனார் கழுவும் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். போகுமுன் அவ்வரைபடத்தின் எதிரே நெடுநேரம் நின்றாள். பின்பு என்னிடம் திரும்பி, "கோடெல்லாம் நேரா போட்டிருக்கீங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை என் கணவர் கேட்டார்: "உன் கணக்கு சரிதானே?"

"புத்தகப்படி சரிங்க."

"அப்ப சரி" என்றவர், சாப்பிட்டு எழும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் ஒரே மாதத்தில் என் சிவப்புப் பெட்டிக் கணக்கு பாதியாகக் குறைந்தது. உற்பத்தி மேம்பட்டுவிட்டது என்று முடிவு செய்து, அதையும் ஒரு கோட்டு வரைபடமாக்கினேன். மேலாளர் அதை நுழைவாயில் பலகையில் ஒட்டச் செய்தார். ஆயினும் மாதத்துக்கொன்றாகச் சிறு புகார்கள் வந்தன. அவற்றுக்கு நான் மீன்முள் வரைபடம் போட்டேன். ஆள், இயந்திரம், பொருள், முறை என ஒவ்வொரு முள்ளிலும் காரணங்களை எழுதிப் பார்ப்பது அம்முறை. லாரி குலுங்குவதே காரணம் என்று கண்டேன். பெட்டிகளுக்குள் கூடுதல் அட்டை வைக்கப்பட்டது. ஆள் என்னும் முள்ளில் நான் எதுவுமே எழுதவில்லை. ஆளைத்தான் ஏற்கெனவே மாற்றிவிட்டோமே என்று நினைத்தேன்.

ஒன்பதாம் பாடம் போன மாதம் வந்தது. அளப்பதை நம்புமுன் அளப்பவரை அள என்பது அதன் சாரம். தரப் பொறியாளரான மேடத்திடம் அந்தப் பாடத்தைக் காட்டி, நம் மேசையிலும் இவ்வாய்வைச் செய்யலாம் என்று சொன்னவள் நான். செய்முறை எளிது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியால் உறுதி செய்த முப்பது குப்பிகள். பதினைந்து நல்லவை, பதினைந்து பழுதானவை. அடியில் எண் எழுதி, அதன்மேல் தாள் ஒட்டி மறைத்துவிடுவர். ஒவ்வொருவரும் முப்பதையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மறுநாள் வரிசையைக் கலைத்து, அதே முப்பதையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கு மூவர் தேவை. மேசையில் நாங்கள் இருவரே மிஞ்சியிருந்தோம்.

"ஆமையைக் கூப்பிடலாமே. அதுக்கு மேசை பழக்கம்தானே?" என்றார் சோடாபுட்டி அண்ணன்.

நான் உடனே இசைந்தேன். தோற்பவர் ஒருவரும் உடன் இருந்தால்தான் ஆய்வின் கூர்மை நன்கு விளங்கும் என்று எண்ணினேன். இதை எழுதுகையில் கை கூசுகிறது. ஆயினும் எண்ணியது அதுவே.

அந்த வாரத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. கழுவும் பிரிவுக்குப் புதிய இயந்திரம் வரவிருந்ததால், அங்கே ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்த முடிவாகியிருந்தது. பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்களின் பட்டியல் அது. வெள்ளிக்கிழமை காலை மேலாளர் கையெழுத்திடுவார். ஆறாவது பெயர் என் நாத்தனாருடையது.

"நீ ஒரு வார்த்தை சொன்னா அந்த மேனேஜர் கேப்பாரு" என்றார் என் கணவர்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. என் வீட்டு ஆளுன்னு நான் போய் நின்னா, என் கணக்குக்கு என்ன மரியாதை?" என்றேன்.

நாத்தனார் அறையின் மறுபக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள்.

திங்களும் செவ்வாயும் ஆய்வு நடந்தது. நான் முப்பது குப்பிகளை நான்கே நிமிடங்களில் முடித்தேன். நாத்தனாருக்குப் பதினொரு நிமிடங்கள் ஆயின. சோடாபுட்டி அண்ணன் கொட்டாவி விட்டபடி, "ஆம, விடியறதுக்குள்ள முடிச்சிடுவியா?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன் அண்ணே" என்றாள்.

புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மேடம் என்னை ஆய்வகத்துக்கு அழைத்தார். வழக்கமாக என்னைக் கண்டால் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுபவர் அன்று எழவில்லை. ஒரு தாளை மேசையின் மீது என் பக்கம் நகர்த்தினார்.

"அக்கா, நீங்களே பாத்துக்குங்க."

தாளில் மூன்று வரிகள், இரண்டு பத்திகள். முதல் பத்தி, ஒருவர் இரண்டு நாளும் தம் தீர்ப்பை மாற்றாமல் இருந்த குப்பிகளின் எண்ணிக்கை. சோடாபுட்டி அண்ணனுக்கு இருபத்தாறு. எனக்கு இருபத்தெட்டு. எனக்குள் ஒரு நிறைவு பரவத் தொடங்கிற்று. நாத்தனாருக்கு இருபத்தொன்பது என்பதைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. பிறகு இரண்டாம் பத்தியைப் பார்த்தேன். முதல் நாள் சொன்ன தீர்ப்புகளில் நுண்ணோக்கி கண்ட உண்மையோடு ஒத்தவை எத்தனை என்பது அது. நாத்தனார் இருபத்தொன்பது. சோடாபுட்டி அண்ணன் இருபத்தைந்து. என் பெயருக்கு எதிரே பதினாறு.

வரி மாறிப் படித்துவிட்டேனோ என்று தாளின்மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். விரல் போய்ச் சேர்ந்தது பதினாறில்தான். ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் நல்லது, பூ விழுந்தால் பழுது என்று சொன்னாலே முப்பதுக்குப் பதினைந்து சரியாகிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளின் அனுபவம் ஒரு நாணயத்தைவிட ஒரே ஒரு குப்பியை அதிகமாக அறிந்திருந்தது.

"லேப்ல எண்ணை மாத்தி ஒட்டியிருப்பாங்க" என்றேன்.

"மூணு தடவை சரி பாத்துட்டேன் அக்கா."

"நான் தப்பாச் சொன்னதுன்னு இருக்கிறதுல ஒண்ணைக் குடுங்க."

கொடுத்தார். அங்கேயே விளக்கின் கீழ் உயர்த்திச் சுழற்றினேன். மாசு மறுவற்ற குப்பி. "நல்லது" என்றேன். அவர் அதை வாங்கி நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். குனிந்து பார்த்தேன். தோளில், நகக்கீற்றைப் போல வளைந்து, ஒரு விரிசல் ஒளிர்ந்தது. அதைக் காண நுண்ணோக்கியும் வேண்டியதில்லை. வெளியே எடுத்துத் தட்டில் நிறுத்தி வைத்தபோது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. கையில் எடுத்தேன், காணவில்லை. கீழே வைத்தேன், இருந்தது. கண்கட்டு வித்தையில் அகப்பட்டவள் போல எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன்.

தேநீர்க் கோப்பையோடு வாசலில் சாய்ந்திருந்த சோடாபுட்டி அண்ணன் அப்போது உள்ளே வந்தார்.

"எக்ஸ்ரேம்மா, கைய அசைக்காத. அப்படியே பிடி. குப்பியப் பாக்காத, உன் விரலப் பாரு."

பார்த்தேன். என் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கழுத்தைப் பற்றியிருந்தன. பற்றிய விரல்களின் சதை வழிந்து தோள் முழுவதையும் மூடியிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு குப்பியின் வார்ப்பு மாறிற்று. அதற்கு முன் கழுத்து நீளமாக இருந்தது. அங்கே பிடித்தால் தோள் நன்றாகத் தெரியும். புதிய குப்பியின் கழுத்து குட்டை. புதிய வார்ப்பில் விரிசல் விழுவதும் பெரும்பாலும் தோளில்தான். குப்பி மாறியது, என் பிடி மாறவில்லை. ஆய்வில் தோளில் விரிசலுள்ள குப்பிகள் ஒன்பது இருந்தன. ஒன்பதையும் நான் இரண்டு நாளும் நல்லவை என்றே சொல்லியிருந்தேன். எஞ்சிய பிழைகளில் பெரும்பாலானவை, உடலில் வெறும் கீறல் மட்டும் இருந்த நல்ல குப்பிகளைப் பழுது என்று தள்ளியவை. தீர்ப்பை மாற்றாமல் இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்று ஒன்பதாம் பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவ்வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டவளும் நானே.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. மூணு வருஷமா நீங்க இப்படித்தான் பிடிச்சிருக்கீங்கன்னா, வாரா வாரம் புகார் வந்திருக்கணுமே? அந்த நாற்பதுக்கு முன்னாடி ஒண்ணுகூட வரலையே. அதுவரைக்கும் அதையெல்லாம் யாரு பிடிச்சா?"

இக்கேள்விக்கு விடை காணும் வழி இரண்டாம் பாடத்தில் உள்ளது. கணக்கை ஆள்வாரியாக மட்டுமன்றி, இயந்திரவாரியாகவும் நாள்வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் ஆள்வாரியாக மட்டுமே பிரித்திருந்தேன். ஆள் யார் என்பதில் எனக்கு அத்தனை அவசரம் இருந்தது. நாற்பது குப்பிகளும் போன அனுப்புதல் எங்கள் மேசையில் பார்க்கப்பட்ட தேதிகளைக் குறித்துக்கொண்டு, வருகைப் பதிவேடு இருக்கும் அறைக்குச் சென்றேன். பதினொன்றாம் தேதி முதல் பதினான்காம் தேதி வரை. என் பெயருக்கு எதிரே நான்கு நாளும் வருகைக் குறி. சோடாபுட்டி அண்ணனுக்கும் அவ்வாறே. நாத்தனாரின் பெயருக்கு எதிரே நான்கு நாளும் விடுப்பு.

பதிவேட்டின் உறையில் விடுப்புக் கடிதமும் செருகியிருந்தது. 'கடும் காய்ச்சலால் அவதியுறுவதால் பதினொன்று முதல் பதினான்கு முடிய நான்கு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.' கையெழுத்து அவளுடையது. மற்ற எழுத்தெல்லாம் என்னுடையது. வீட்டில் கடிதம் என்றால் எழுதுபவள் நான்தான். அத்தேதிகளை என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்த நான்கு நாட்களில் மேசையில் இல்லாதவளைத்தான் அந்த நாற்பது குப்பிகளுக்காக மேசையிலிருந்து எழுப்பினேன்.

பதிவேட்டை வைத்திருந்தவர், "என்னம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் சமையலறையில் உட்கார்ந்து கைகளுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். எட்டு மாதச் சுடுநீரில் அவள் விரல்களின் தோல் வெடித்திருந்தது. இத்தனை நாளும் அதே அறையில் இருந்தும் நான் அவ்விரல்களைப் பார்த்ததில்லை. விரிசல்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான்.

"ரிசல்ட் வந்துடுச்சா அண்ணி?"

"வந்துடுச்சு."

"எத்தனை தப்பு எனக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

"அது அந்தக் கோணவாய்க் குப்பியாத்தான் இருக்கும். அப்பவே சந்தேகப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுக் களிம்பு டப்பாவை மூடினாள்.

எதிரே உட்கார்ந்தேன். "ஏம்மா, என் தட்டுல இருந்ததை நீ பாத்தியா? அப்போ, மேசையில இருந்தப்ப?"

வாசற்படியில் என் கணவர் வந்து நிற்பதை இருவரும் உணர்ந்தோம்.

"உங்க தட்டு என் கைக்கிட்டதானே இருந்துச்சு. நிக்க வெச்ச குப்பிய மேல இருந்து பாத்தா தோள் பளிச்சுனு தெரியும். தெரிஞ்சப்புறம் எப்படி விடுறது? எடுத்துப் போட்டேன்."

"எங்க போட்ட?"

"உங்க பெட்டியிலதான். நீங்க அண்ணாந்து அடுத்த குப்பியைச் சுழட்டுறப்ப கீழ போட்டுடுவேன்."

"என் பெட்டியிலயா?"

"உங்க தட்டுல இருந்து எடுத்ததை உங்க பெட்டியிலதானே போடணும்? என் பெட்டியில போட்டா என் கணக்கு ஆயிடுமே. அது தப்பில்லையா அண்ணி?"

அந்தக் கணத்தில் மூன்று தூண்களும் என் கண்முன் எழுந்து நின்றன. தொள்ளாயிரத்து முப்பதில் பாதி அவள் கை எடுத்துப் போட்டது. அவள் போனபின் என் கணக்கு பாதியாகக் குறைந்ததும், நான் அதை முன்னேற்றமென வரைந்ததும், நுழைவாயிலில் ஒட்டியதும் ஒன்றன்மேல் ஒன்றாக என்மீது விழுந்தன. அவள் மெதுவாக இருந்தது இரண்டு பேர் வேலையைப் பார்த்ததனால். என் தூணை உயர்த்தியவளை அதே தூணைக் காட்டி வெளியேற்றியிருக்கிறேன்.

"ஏன்டி சொல்லல?" என்று கேட்டது என் கணவர். அவர் தங்கையை அப்படி அதட்டி நான் கேட்டதில்லை.

"சொன்னேனே. புதுக் குப்பி வந்த மாசமே சொன்னேன். 'அண்ணி, கழுத்தைப் பிடிக்காதீங்க, அடியப் பிடிங்க'ன்னேன். அண்ணி என்ன சொன்னாங்க தெரியுமா? 'நீ முதல்ல உன் தட்டை முடி, அப்புறம் எனக்குப் பாடம் நடத்து'ன்னாங்க. அப்புறம் நான் நடத்தல."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனேன், மூடியிருந்தது என்பது போலச் சொன்னாள். ஆம், அச்சொற்கள் என்னுடையவையே. சொன்ன இடமும் நேரமும் நினைவுக்கு வந்தன.

"அந்தத் தூண் படத்தப்பவாவது வாயத் திறந்திருக்கலாமே" என்றார் கணவர்.

"மேனேஜர் முன்னாடியா? நான் சொல்லி, அண்ணிக்குத் தப்பு வந்து, அவங்க படிப்பையே எல்லாரும் சிரிச்சிட்டா? பத்தாவது பாஸ் பண்ணின அன்னிக்கு இந்த வீட்டுல ஆடாத ஆட்டமா? சரி, தண்ணியிலதானே கைய விடப்போறோம்னு போயிட்டேன். இயந்திரம் வரும்னு யாருக்குத் தெரியும்?"

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலாளரின் அறையில் இருந்தோம். மேசைமேல் ஆறு பெயர்கள் கொண்ட பட்டியலும் பேனாவும் இருந்தன. அருகில் ஆய்வின் தாள். மேடம் பெயர்களுக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என எண்களை இட்டிருந்தார். என்மீதுள்ள இரக்கத்தால் செய்தது.

மேலாளர் தாளைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இதை ஆடிட்டர்கிட்ட காட்ட முடியாது. யாரோ ஒருத்தர் முப்பதுக்குப் பதினாறுன்னா சிரிப்பாங்க. வேற முப்பது குப்பி எடுங்க, மறுபடி பண்ணலாம். எக்ஸ்ரே, இந்த ஒண்ணாம் நம்பர் நம்ம சோடாபுட்டிதானே? அந்தக் கண்ணாடியப் பாத்தாலே தெரியுது."

"ஒண்ணாம் நம்பர் நான் சார்."

அவர் சிரித்தார். பின்பு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

வேலை மேலங்கியின் பையில் கொண்டுவந்த குப்பியை எடுத்து, என் பிடியில் பிடித்துக் காட்டினேன். அடுத்து அடியைப் பிடித்துக் காட்டினேன். விரிசல் அவர் கண்ணுக்கே தெரிந்தது. என் பழைய பரேட்டோ வரைபடத்தை மேசைமேல் விரித்து, என் தூணின் பாதியைப் பென்சிலால் வெட்டி நாத்தனாரின் தூண்மேல் ஏற்றி வரைந்தேன். அருகில் விடுப்புக் கடிதத்தின் நகலை வைத்தேன். புத்தகத்தில் கற்றபடி ஒவ்வொன்றையும் வரிசையாக விளக்க எண்ணியிருந்தேன். வாயில் வந்தது அதுவன்று.

"நான் சொன்னது தப்பு சார். தப்பான ஆளை எழுப்பிட்டேன். அந்த ஆறாவது பேரை அடிங்க. இன்னொண்ணும் இருக்கு. எட்டு மாசமா நான் நல்லதுன்னு விட்டதை யாரும் திருப்பிப் பாக்கல. கிடங்குல இருக்கிற ஒரு பெட்டிகூட வெளிய போகக் கூடாது. போனதுக்கெல்லாம் மருந்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதணும். நானே எழுதறேன்."

மேலாளர் நாற்காலியின் பின்பக்கம் சாய்ந்தார். "போனதுக்கெல்லாமா? அது எத்தனை ஆயிரம் தெரியுமாம்மா உங்களுக்கு?" என்றார்.

தெரியும். எண்ணிக்கையை எழுதியே கொண்டுபோயிருந்தேன். தாளை அவர் முன் வைத்தேன். அவர் அதைக் கடைசி வரிவரை படித்தார். முடிவில் பேனாவை எடுத்தார். ஆறாவது பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார். அடித்த பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது. பேனா முனை சிறிது நேரம் அதன்மேல் நின்றது.

"உங்களைப் பத்தித் திங்கக்கிழமை பேசுவோம்" என்று மூடியைப் போட்டார். அவர் என்னை எக்ஸ்ரே என்று அழைக்கவில்லை.

பதினொரு மணிக்கு நாத்தனாரைக் கிடங்குக்கு அழைத்து வந்தார்கள். அங்கேயே ஒரு மேசையும் விளக்கும் கறுப்பு வெள்ளைப் பலகையும் போடப்பட்டன. அவள் கைகளில் மெல்லிய உறை அணிந்துகொண்டாள். முதல் அட்டைப் பெட்டியின் ஓரத்தில் பரிசோதித்தவரின் முத்திரை இருந்தது. என் முத்திரை.

"யாராவது எண்ணி எழுதணும்" என்றார் மேடம்.

"நான் எழுதறேன்" என்றேன்.

முதல் பாடம் எண்ணிக்கைக் கோடுகளைப் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற்கும் கோடு. ஐந்தாவதை நான்கின் குறுக்கே சாய்த்துப் போட வேண்டும். அப்பாடத்தை எண்ணி நான் சிரித்திருக்கிறேன். இதையுமா பாடம் என்று சொல்லிக் கொடுப்பார்கள் என்று. நாத்தனார் ஒரு குப்பியை அடியில் பிடித்து உயர்த்தினாள். கறுப்பின் முன் ஒரு சுழற்று, வெள்ளையின் முன் ஒரு சுழற்று. தட்டில் நிறுத்தினாள். அடுத்தது. அடுத்தது. ஏழாவதைச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். ஒரு கோடு போட்டேன்.

முதல் பெட்டி முடிந்தபோது தாளில் பதினொரு கோடுகள் இருந்தன. முதல் குறுக்குக் கோடு கொஞ்சம் கோணியிருந்தது. இரண்டாவது நேராக விழுந்தது. கிடங்கின் மறுகோடிவரை பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றில் எத்தனையில் என் முத்திரை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

அடுத்த பெட்டியைத் திறந்து முதல் குப்பியை எடுத்து நீட்டினேன். நாத்தனார் வாங்கவில்லை. என் கையையே பார்த்தாள். என் கட்டைவிரல் கழுத்தில் இருந்தது. அது எப்போது அங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

"அடியப் பிடிங்க அண்ணி" என்றாள்.

மாற்றிப் பிடித்தேன்.